நாற்பது காலில் நமக்கு எத்தனை?

எழுத்து ஓடும் போர்டு வேண்டும் என்று கடைக்கு வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது, "தமிழா, இங்கிலீஷா?" என்றுதான். வந்தவர் ஒரு மாதிரி பார்ப்பார். மொழிப்பற்றுக்கும் இந்தக் கேள்விக்கும் சம்பந்தமில்லை. இங்கிலீஷ் என்றால் சின்ன சிப் போதும். தமிழ் என்றால் கால் நிறைய வேண்டும். ஐசியிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பின்னை எங்கள் தொழிலில் கால் என்றுதான் சொல்லுவோம். 40 கால் ஐசி என்றால் 40 காலும் நம் கைக்கு வந்துவிடும் என்று நினைப்பவன் இந்தத் தொழிலுக்குப் புதுசு. திண்டுக்கல்லில் போர்டு தொழில் வளர்ந்த கதையை எழுதச் சொன்னால், எந்தக் காலை எப்போது யாரிடமிருந்து விடுவித்தோம் என்பதைத்தான் நான் எழுத முடியும்.

எனக்குத் தெரிந்து இந்த ஊரில் மின்சாரத்தில் முதலில் எழுதியவர்கள் சவுண்ட் சர்வீஸ்காரர்கள். மாசித் திருவிழாவுக்குக் கோட்டை மாரியம்மன் கோயில் பக்கம் சீரியல் செட் கட்டுவார்கள். பிளைவுட்டில் அம்மன் உருவத்தை வரைந்து, கோட்டின் மேலேயே வரிசையாகத் துளை போட்டு, துளைக்கு ஒரு பல்பு. கீழே "ஓம் சக்தி". நான் தொழில் பழகியது பேகம்பூரில் ஒரு பாய் கடையில், எண்பதுகளின் கடைசியில். குழாய், ஆம்ப்ளிஃபையர், சீரியல் செட் எல்லாம் அங்கே வாடகைக்குப் போகும். மாரியம்மன் கோயில் செட்டுக்குப் பாய்தான் ராத்திரி முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். ஊரில் யாருக்கும் அது விசேஷமாகத் தெரிந்ததில்லை.

அந்த விளக்குகளை ஓட வைத்தது மரத்தில் கடைந்த ஓர் உருளை. மேலே செம்புத் தகட்டை வெட்டி ஆணியடித்திருப்பார்கள். சின்ன மோட்டார் அதைச் சுற்றும். செம்பு நாக்குகள் வரிசையாக அதை உரசிக்கொண்டு நிற்கும். நாக்கில் தகடு பட்டால் விளக்கு எரியும், மரம் பட்டால் அணையும். அம்மன் கையில் சூலம் ஏறி இறங்க வேண்டுமா, தகட்டை அந்தக் கணக்கில் கத்தரிக்க வேண்டும். இன்றைக்குப் புரோகிராம் என்கிறோமே, அதைப் பாய் தகரக் கத்தரிக்கோலால் எழுதினார். தீப்பொறி பட்டுச் செம்பு கறுத்துப்போகும். விடிந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது என் வேலை.

பிறகு உருளை போய் அந்த இடத்துக்கு இப்ராம் என்ற மெமரி சிப் வந்தது. 2716 என்று நம்பர். அதில் 2 கிலோபைட் தகவல், வெளியே வர 8 கால். ஒரு கவுண்டர் ஐசி வரிசையாக எண்ணிக்கொண்டே போகும், 8 காலும் 8 டிரையாக்கைத் தட்டும், ஒவ்வொரு டிரையாக்கின் பின்னாலும் எத்தனை பல்பு வேண்டுமானாலும் தொங்கலாம். யாருக்கும் கால் போதவில்லை என்ற பேச்சே எழவில்லை. காரணம், எழுத்து பலகையில் நிலையாக இருந்தது. "ஓம் சக்தி" எப்போதும் "ஓம் சக்தி"தான், எரிவதும் அணைவதும் மட்டுமே மாறும். அதே பலகையில் இன்றைக்கு ஒன்று, நாளைக்கு வேறொன்று எழுத வேண்டும் என்று ஆசை வந்தபோதுதான் எங்கள் பாடு ஆரம்பித்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தெருவுக்குத் தெரு எஸ்.டி.டி. பூத். கண்ணாடிக் கூண்டுக்கு வெளியே சிவப்பு எண்ணில் காசு ஏறிக்கொண்டே இருக்கும். உள்ளே பேசுகிறவர் ரிசீவரைக் காதில் வைத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த மீட்டர்கள் ரிப்பேருக்கு வரும்போது திறந்து பார்த்துத்தான் எனக்கு மைக்ரோகண்ட்ரோலர் அறிமுகம். பாலிடெக்னிக் லேபில் 8085 கிட் பார்த்திருக்கிறேன். சென்னையின் வி மைக்ரோசிஸ்டம்ஸ் கிட்டுகள் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பரவலாக இருந்த காலம் அது. ஒரே பலகையில் முழுக் கணினி: ஹெக்ஸ் கீபோர்டு, முகவரிக்கு 4 இலக்கம், தகவலுக்கு 2 இலக்கம். சிங்கிள் போர்டு கம்ப்யூட்டர் என்ற பெயரை இப்போது ராஸ்பெரி பையோடு சேர்த்துத்தான் சொல்கிறார்கள். எங்களுக்கு முதல் சிங்கிள் போர்டு அந்தக் கிட்தான். ஆனால் காட்டத் தெரிந்தது 0 முதல் 9, பிறகு A முதல் F. அதோடு சரி.

மீட்டருக்குள் இருந்தது 8051 குடும்பம். இன்டெல் 1980இல் கொண்டுவந்தது. 40 கால். மின்சாரம், கிரவுண்டு, கிரிஸ்டல், ரீசெட் என்று 8 கால் போய்விடும். மிச்சம் 32, நாலு போர்ட்டாக. தாளில் பார்த்தால் தாராளம்தான். ஆனால் கடையில் மலிவாகக் கிடைத்தது 8051 இல்லை, அதன் தம்பி 8031. அதற்குள் புரோகிராம் வைக்க இடம் கிடையாது. வெளியே இப்ராம் வைத்து, நடுவில் 373 லாட்ச் போட்டு இணைக்க வேண்டும். அப்படி இணைத்தவுடன் போர்ட் 0, போர்ட் 2 இரண்டும் போயிற்று, 16 கால். வெளியே ராம் வைத்தால் படிக்க ஒன்று, எழுத ஒன்று, இன்னும் 2 போகும். சீரியல் தொடர்புக்கு 2. கடைசியில் கையில் 12. அப்போது வந்த 2 வரி எல்.சி.டி.யை நேராக மாட்டினால் அது ஒன்றே 11 காலைத் தின்றுவிடும். மிச்சம் ஒரு கால். அதில் பட்டன் வைப்பதா, பஸ்ஸர் வைப்பதா?

பாய்க்கு இங்கிலீஷ் டேட்டா ஷீட் படிக்க வராது. நான் படித்துச் சொல்லுவேன், அவர் தன் கணக்கில் புரிந்துகொள்வார். "ரிசர்வ்டு என்று போட்டிருக்கு பாய்" என்றேன். "அப்போ துண்டு போட்ட கால்னு சொல்லு தம்பி" என்றார். தைப்பூசத்துக்கு முன்னால் எங்கள் பஸ் ஸ்டாண்டில் பழனி வண்டி வந்து நின்றதும் ஜன்னல் வழியாகத் துண்டு பறக்கும். ஆள் ஏறியிருக்க மாட்டான், சீட்டு அவனுடையது. அன்றிலிருந்து எங்கள் கடையில் ரிசர்வ்டு பின்னுக்கு அதுதான் பெயர். துண்டைப் பார்த்ததும் பாய் கேட்கும் கேள்வியும் அதே கணக்குத்தான்: "ஆள் வருவானா, வரமாட்டானா?" டேட்டா ஷீட்டில் அதற்கு நேரான பதில் இருக்காது. நாலு பக்கம் தள்ளி, அடிக்குறிப்பில் இருக்கும்.

8031இல் ஆள் கட்டாயம் வருவான், புரோகிராமே அந்த வழியாகத்தான் வர வேண்டும். அந்த ஆளை வரவிடாமல் செய்தது அட்மெல் கம்பெனி. 89சி51 என்ற சிப்புக்குள்ளேயே 4 கிலோபைட் ஃபிளாஷ், மின்சாரத்தாலேயே அழித்து எழுதலாம். தொண்ணூறுகளின் நடுவில் சென்னை ரிச்சி தெருவில் அது தாராளமாகக் கிடைக்க ஆரம்பித்தது. அதுவரை இப்ராமின் கண்ணாடி ஜன்னலில் அல்ட்ரா வயலட் விளக்கைக் காட்டி அழித்து, எழுதி, ஜன்னல் மேல் ஸ்டிக்கர் ஒட்டி, தப்பு கண்டுபிடித்தால் ஸ்டிக்கரைக் கிழித்து மறுபடி முதலிலிருந்து. அந்த வேலை ஒழிந்தது. அதைவிடப் பெரிய லாபம், 31ஆம் காலை 5 வோல்ட்டில் கட்டிவிட்டால் சிப் வெளியே புரோகிராம் தேடாது. 16 காலும் நம்முடையது. இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த முதல் விடுதலை அதுதான் என்பேன்.

விடுவித்த கால் சும்மா வராது என்பதையும் அதே சிப்தான் சொல்லிக்கொடுத்தது. போர்ட் 0இன் 8 காலுக்கும் உள்ளே புல்-அப் கிடையாது. கீழே இழுக்கத் தெரியும், மேலே தூக்கத் தெரியாது. வெளியே 10 கே ரெசிஸ்டர் வரிசை ஒன்று மாட்டினால்தான் 1 என்பது 1 ஆக நிற்கும். மாட்டாத போர்டு மேஜை மேல் வேலை செய்வதுபோலத் தெரியும், திருவிழாக் கூட்டத்துக்கு நடுவில் உளறும்.

இனித் தமிழுக்கு வருகிறேன். ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருந்த ஒருவர் எலக்ட்ரானிக் தராசோடு வந்தார். எடை எண்ணில் தெரிகிறது, பக்கத்திலேயே என்ன சரக்கு என்பதும் தமிழில் தெரிய வேண்டும், விவசாயி படித்துப் பார்க்க வேண்டும் என்றார். நியாயமான ஆசை. 2 வரி எல்.சி.டி. இருக்கிறதே என்று எடுத்தோம். ஹிட்டாச்சியின் 44780 கண்ட்ரோலர் அதற்குள் இருக்கும். இங்கிலீஷ் எழுத்து முழுக்க இருக்கிறது. கடைகளில் கிடைத்த வகையில் ஜப்பானியக் கட்டகனாவும் இருந்தது. தமிழ் இல்லை. நாமே வரைந்துகொள்ள 8 கட்டம் விட்டிருந்தார்கள், கட்டத்துக்கு 5 புள்ளி அகலம், 8 புள்ளி உயரம். ஒரே நேரத்தில் 8 வடிவம்தான், அதற்கு மேல் இல்லை.

தக்காளி எழுதினோம். த, க், க, கால், ளி. ஐந்து வடிவம், வந்துவிட்டது. முருங்கைக்காய்க்கு மு, ரு, ங், ஐகாரக் கொம்பு, க, க், கால், ய். சரியாக 8. ஒட்டன்சத்திரத்துக்கு முருங்கைக்காய் வந்துவிட்டால் பாதிக் கடை வந்த மாதிரிதான் என்று நான் துள்ளினேன். அடுத்தது வெண்டைக்காய். ஒற்றைக் கொம்பு, வ, ண், ஐகாரக் கொம்பு, ட, க், க, கால், ய். ஒன்பது. ஒன்பதாவது வடிவத்துக்குக் கட்டம் இல்லை. கமிஷன் கடைக்காரர் நெடுநேரம் யோசித்துவிட்டு, "வெண்டைக்காயை வெண்டைன்னு போட்டுக்கலாமா?" என்றார். போடலாம்தான். ஆனால் வந்த 8 வடிவத்தின் லட்சணமும் அப்படி. 5 புள்ளி அகலத்துக்குள் மு என்றும் ளி என்றும் நாங்கள் சொன்னால்தான் தெரியும். அவர் கடைசியில் சரக்குக்கு நம்பர் போட்டுக்கொண்டு, நம்பர் எந்தக் காய் என்பதைச் சுவரில் பெயின்டால் எழுதிவைத்தார்.

அந்த எல்.சி.டி.யை வடிவமைத்தவர்கள் தங்கள் எழுத்துக்கு எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு வைத்தார்கள். இங்கிலீஷுக்கு 7 புள்ளி உயரம் போதும். தமிழில் மேலே புள்ளியும் விசிறியும் ஏறும், கீழே ஞுவும் ணூவும் இறங்கும். கண்ணுக்குப் பிடித்த மாதிரி எழுத 16 புள்ளி வேண்டும். உயரம் இரட்டித்தால் பலகையில் வரிசை இரட்டிக்கும், இயக்குகிற காலும் கூடும். நான் சொல்லவந்ததே இதுதான்: எங்கள் ஊரில் சிப்பின் கால்களைத் தோண்டித் துருவிப் படித்தவர்கள் அறிவு வேட்கையால் படிக்கவில்லை, தமிழ் எழுத வேண்டியிருந்ததால் படித்தோம்.

கிராஃப் தாளில் 16 கட்ட உயரத்துக்கு எழுத்தெழுத்தாக வரைந்தேன். 247 எழுத்துக்கும் தனித்தனியாக வேண்டியதில்லை, கொம்பும் காலும் பொதுதானே. ஆனால் குவிலிருந்து னூ வரைக்கும் உகர ஊகார வரிசை 36 எழுத்தும் தனித்தனியாகத்தான் வரைய வேண்டும், ஒன்றின் வால் இன்னொன்றுக்குப் பொருந்தாது. 1999இல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு நடந்து டாம், டாப் என்று குறியீடுகள் வந்தன. கம்ப்யூட்டர்காரர்களுக்கு அது பெரிய செய்தி. எங்களைப் போன்றவர்கள் எழுத்துக்கு எங்கள் இஷ்டத்துக்கு நம்பர் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தோம்.

கால் பஞ்சத்தைத் தற்காலிகமாகத் தீர்த்தது 74எச்சி595 என்ற ஷிப்ட் ரெஜிஸ்டர். 3 கால் கொடுத்தால் போதும். தகவலை ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிவிட்டுக்கொண்டே இருக்கலாம், பின்னால் எத்தனை 595 வேண்டுமானாலும் கோக்கலாம். பின்னர் சீனாவிலிருந்து வந்து குவிந்த பி10 பலகை முழுக்க இந்தக் கோர்வைதான். 32க்கு 16 புள்ளி, 512 எல்.இ.டி., நாலில் ஒரு பங்காக மாற்றி மாற்றி எரியும், அதற்கு 16 எண்ணம் 595. கண்ட்ரோலரிலிருந்து 6 கால் போதும். 16 புள்ளி உயரம் என்று பார்த்தபோது யாரோ தமிழுக்காகவே செய்ததுபோல எனக்குத் தோன்றியது. சீன எழுத்துக்கும் அதே உயரம்தான் தேவைப்பட்டிருக்கிறது, நமக்கு அதிர்ஷ்டம். நாகல்நகரில் தகரப் பெட்டி அடித்துத் தர ஆள் இருந்தார்கள். பூட்டும் இரும்புப் பெட்டியும் செய்து பழகிய ஊரில் போர்டுக்குச் சட்டம் அடிப்பது ஒரு வேலையா?

ஒற்றைச் சிவப்பில் ஓடிக்கொண்டிருந்தவரை 89சி51 போதுமானதாக இருந்தது. கோயில் கமிட்டிகள் கலர் கேட்க ஆரம்பித்தபோதுதான் ராஸ்பெரி பைக்குப் போனோம். அது 2012 பிப்ரவரி 29இல் வெளிவந்தது. முதலில் 26 கால். 2014இல் வந்த பி பிளஸ்ஸிலிருந்து 40 கால். 40 என்று பார்த்ததும் எனக்குப் பழைய சிப் ஞாபகம் வந்தது, கணக்குப் போட்டேன். கிரவுண்டு 8, 5 வோல்ட் 2, 3.3 வோல்ட் 2, ஆக 12 போயிற்று. மிச்சம் 28. அதில் 2 கால், 27ஆவதும் 28ஆவதும், மேலே சொருகும் துணைப் பலகை தன் பெயரைச் சொல்வதற்கென்று துண்டு போட்டவை. அந்த அடையாளச் சிப்பைத் தவிர வேறெதையும் மாட்டாதே, தொடாதே என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். ஆக 26.

கலர் பலகைக்குப் புள்ளித் தகவல் 6 கால், வரிசை தேர்ந்தெடுக்க 4, 64 வரிசைப் பலகை என்றால் 5, கடிகாரம், லாட்ச், அணைப்பு என்று 3. ஹென்னர் ஸெல்லர் என்பவர் இதற்கு எழுதி இலவசமாக விட்ட மென்பொருளை உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள், நாங்களும்தான். அதில் மூன்று சங்கிலி பலகைகளை ஒரே நேரத்தில் ஓட்டலாம். மூன்று ஆறு பதினெட்டு, வரிசைக்கு 5, மற்றது 3. கூட்டினால் 26. மிச்சம் வைக்காமல் எல்லாம் போய்விடும்.

அந்த 26இலும் துண்டுகள் கிடந்தன. முதல் சங்கிலிக்கே எஸ்.பி.ஐ. என்ற தகவல் வழியின் 5 காலும் வேண்டும். அது சுலபம், கான்ஃபிக் கோப்பில் எஸ்.பி.ஐ.யை அணைத்தால் போதும், வேறு ஆள் இல்லை. 64 வரிசைப் பலகையின் ஐந்தாவது தேர்வுக் காலும் மூன்றாவது சங்கிலியின் சிவப்பும் சீரியல் கால்களில் வருகின்றன. ஆரம்பகால ராஸ்பியனில் கர்னல் அந்த வழியாகத் தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும். கமாண்ட் லைன் கோப்பில் கன்சோல் என்றிருக்கும் சொல்லை எடுத்துவிட்டுத்தான் அதை வாய்மூட வைக்க வேண்டும். இந்த இரண்டும் வெளியே தெரிகிற துண்டு. தெரியாத துண்டு ஒன்று உண்டு. பையின் ஹெட்போன் ஒலி, காலில் வராவிட்டாலும், உள்ளே இருக்கும் பி.டபிள்யூ.எம். கருவியைப் பிடித்து வைத்திருக்கிறது. போர்டின் வெளிச்ச நேரத்தை மைக்ரோ செகண்டில் பிசகாமல் பிடிக்க அதே கருவிதான் வேண்டும். ஒலியை அணைக்காவிட்டால் எழுத்து நடுங்கும், சிலசமயம் மென்பொருளே ஓடமாட்டேன் என்று நின்றுவிடும். கோயில்காரர்களுக்கோ எழுத்தும் வேண்டும், கூடவே பாட்டும் வேண்டும். கடைசியில் யு.எஸ்.பி.யில் சின்ன சவுண்ட் கார்டு சொருகி, உள்ளே இருக்கும் ஒலியை அடியோடு முடக்கினோம்.

தமிழ் இங்கேயும் விடவில்லை. யூனிகோடில் கெ என்றால் முதலில் க, பிறகு கொம்பு என்றுதான் பதிவாகும். முன்னால் தூக்கி வைப்பது எழுத்தை வரைகிற மென்பொருளின் வேலை. பலகை மென்பொருளோடு வரும் எழுத்து முறைக்கு அது தெரியாது, வந்த வரிசையிலேயே அச்சடித்துவிடும். அதனால் வாக்கியத்தைப் பாங்கோ என்ற மென்பொருளில் படமாக வரைந்து, படத்தைத்தான் பலகைக்கு அனுப்புகிறோம். கிராஃப் தாள் வேலை அப்படித்தான் முடிவுக்கு வந்தது.

கடைசிச் சிக்கல் நேரம். ராகு காலம், நடை சாத்தும் நேரம் எல்லாம் போர்டில் வர வேண்டும். பைக்குச் சொந்தக் கடிகாரம் கிடையாது (2023இல் வந்த ஐந்தாம் பையில்தான் வைத்தார்கள்), மலையடிவாரக் கோயிலில் நெட்டும் நிலையில்லை. டி.எஸ்.3231 கடிகாரச் சிப் இருக்கிறது, ஆனால் அது மாட்டும் ஐ2சி கால் இரண்டையும் மூன்றாவது சங்கிலி எடுத்துக்கொண்டது. 26உம் தீர்ந்தது. அப்போதுதான் தொடாதே என்ற அந்த 27, 28 பக்கம் போனேன். அதுவும் ஐ2சி வழிதான். போர்டு எழும்பும்போது பை அந்த வழியாக 0எக்ஸ்50 என்ற முகவரியில் யாராவது இருக்கிறீர்களா என்று ஒருமுறை கேட்கும். பதில் வராவிட்டால் போய்விடும். கடிகாரத்தின் முகவரி 0எக்ஸ்68. இருவரும் சந்திக்கவே மாட்டார்கள். பாய் கேட்ட கேள்விக்கு இதில் பதில் தெளிவு, ஆள் வருவான், எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவான். கேமரா மாட்டாதவரை வேறு தொந்தரவும் இல்லை. அந்த இரண்டு காலுக்கும் பை பலகையில் புல்-அப் வைக்கவில்லை, துணைப் பலகைதான் கொண்டுவர வேண்டும் என்று விட்டுவிட்டார்கள். பழைய போர்ட் 0 கதையேதான். கடிகாரச் சிப்பின் குட்டிப் பலகையில் ஏற்கெனவே ரெசிஸ்டர் இருந்ததால் தப்பித்தோம்.

இப்போது இந்தக் கணக்கெல்லாம் தெரிய வேண்டிய அவசியமே குறைந்துவிட்டது. சீனத்துக் கண்ட்ரோலர் அட்டை வருகிறது. போனில் தமிழ் தட்டினால் போன் அதைப் படமாக்கி வைஃபையில் அனுப்பிவிடும், போர்டில் ஓடும். நகைக்கடைத் தங்க விலையிலிருந்து டீக்கடை வரை அதுதான். விலை குறைவு, கெட்டுப்போனால் கழற்றிவிட்டு வேறு மாட்டலாம். நானும் விற்கிறேன், குறை சொல்ல ஒன்றுமில்லை. 2021, 2022இல் சிப் தட்டுப்பாட்டில் பை கிடைக்காமல் போனபோது அந்த அட்டைதான் கடையைக் காப்பாற்றியது. மூன்று சங்கிலி, பாட்டு, கடிகாரம் எல்லாம் ஒன்றாகக் கேட்கிற கோயில் வேலைக்கு மட்டும் இன்னும் பைதான்.

பாலிடெக்னிக் பையன்கள் புராஜெக்ட் சமயத்தில் இ.எஸ்.பி.32 போர்டோடு வருவார்கள். அதிலும் கலர் பலகை ஓட்டலாம், காசும் குறைவு. 6 முதல் 11 வரை ஆறு கால் சும்மாதானே இருக்கிறது அண்ணே, அதில் மாட்டலாமா என்பார்கள். அது ஃபிளாஷ் மெமரிக்குப் போகிற கால், துண்டு இல்லை, ஆளே உட்கார்ந்திருக்கிறான், எழுப்ப முடியாது என்பேன். 34 முதல் 39 வரை உள்ளே வாங்க மட்டும்தான், வெளியே ஒன்றும் அனுப்பாது. 12ஆம் கால் எழும்பும்போது உயரத்தில் இருந்தால் சிப் தன் மெமரிக்கு 1.8 வோல்ட் என்று நினைத்துக்கொண்டு எழும்பாமலே கிடக்கும். பலகையை அதில் மாட்டிவிட்டு போர்டு செத்துவிட்டது என்று கொண்டுவருகிறவர்கள் உண்டு. ஒயரை வேறு காலுக்கு மாற்றிக் கொடுப்பேன், உயிர் வந்துவிடும். அதற்குக் காசு வாங்குவதில்லை.